பாசிக்கும் உழவாரனுக்கும் ஒரு பட்டிமன்றம்

பட்டிமன்றங்களில் பத்துப் பன்னிரண்டு முறை பேசியிருக்கிறேன். கூரை அதிரக் கைதட்டல் வாங்கியது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையைப் பற்றி இத்தனை வருடமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை, கட்டிய கணவரிடம்கூட. தாம்பரத்துக்குப் போக நேர்ந்தால் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கும் தெருவை விட்டுவிட்டு மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். ஏன் என்று கேட்டால் அந்தத் தெருவில் நெரிசல் என்பேன். நெரிசல் மார்க்கெட்டில்தான் இருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் அதிகம். வீட்டில் திட்டினார்கள், கல்லூரியில் ரசித்தார்கள். நான் ரசித்தவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் எனக்கு நிதானம் தப்பிவிடும். ஐந்தாவது ஆளையும் சிரிக்க வைக்காமல் உட்கார மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ப்ரொபேஷன். தலைமையாசிரியை நம்மைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா ரிடையர் ஆகிவிட்டார், தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது.

தாவரவியல் ஆசிரியை எனக்குப் பதினைந்து வயது மூத்தவர். மாணவிகளுக்கு பாட்டனி மிஸ், எனக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குரோம்பேட்டையில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை. நடப்பது மெதுவாக, பேசுவது அதைவிட மெதுவாக. ஆய்வுக்கூடத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் அவருடைய செடிகள், உள்பக்கம் என்னுடைய ஃபார்மலின் ஜாடிகள். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு ஜாடியை உடைத்தபோது, யாருக்கும் சொல்லாமல் தரையைத் துடைத்துக் கண்ணாடியைப் பொறுக்கியவர் அவர்தான்.

நான் சேர்ந்த இரண்டாவது கல்வியாண்டில், மே மாதத்தோடு உதவித் தலைமையாசிரியை ஓய்வு பெறுவதாக இருந்தது. சர்வீஸ்படி அடுத்தது அக்கா. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பதவிக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை அவர். ஆனால் இந்த நாற்காலிக்கு மட்டும் வெளிப்படையாகவே ஆசைப்பட்டார். ப்ளஸ் ஒன் சேர்க்கை உதவித் தலைமையாசிரியையின் பொறுப்பு. எங்கள் பள்ளியில் பத்தாவது வரை தமிழில் படித்த பெண்களுக்கு உயிரியல் பிரிவில் இடம் கொடுப்பதில்லை. எத்தனை மார்க் வாங்கினாலும் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முடிச்சூர், பம்மல் பக்கத்திலிருந்து வரும் பெண்கள்தான் பெரும்பாலும் தமிழ் மீடியம். "நர்ஸ் ஆகணும்னு வந்து நிக்குதுங்க. அந்த சீட்ல நான் உட்கார்ந்தா, முதல் வருஷமே பத்து பேரையாவது உள்ள விட்டுடுவேன்" என்று அக்கா சொல்வார். அந்தப் பத்துப் பேருக்கு எந்த பெஞ்சைப் போடுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, செய்முறைத் தேர்வுக்குப் பாசி எடுத்துவர இரண்டு பேரும் திருநீர்மலைக்குப் போனோம். மழைக்காலம் முடிகிற சமயம். மலையடிவாரத்துப் பாறைகளிலும் கைப்பிடிச் சுவர்களிலும் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருந்தது. அக்கா ஒரு பழைய பிளேடால் அதைச் சுரண்டி சோப்பு டப்பாவில் போட்டுக்கொண்டே பாடம் நடத்தினார். புத்தகத்தில் இருப்பது ஃபியூனேரியா. அது மலைப் பிரதேசத்துச் சரக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஈடு கொடுப்பது ஹையோஃபிலா என்கிற இந்தக் குட்டைப் பாசிதான். காய்ந்தால் இலையை உள்ளே சுருட்டிக்கொண்டு கருகிப்போன மாதிரி கிடக்கும், நனைத்தால் நிமிடத்தில் விரியும். "புஸ்தகத்துல இல்லாததால இதை யாரும் மதிக்கறதில்ல" என்றார், சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிக் குறைப்படுவது போல.

அப்போது மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழப் போனது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை.

"பிளேன்ல போகணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையாக்கா?"

"போனேனே" என்றார். "மீனம்பாக்கம் வரைக்கும்."

பாறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருடங்களுக்கு முன்பு மாலத்தீவில் ஆசிரியை வேலைக்கு எழுதிப் போட்டுத் தேர்வாகியிருக்கிறார். பள்ளியில் சொன்னால் நடு வருடத்தில் விட மாட்டார்கள். அதனால் மஞ்சள் காமாலை என்று ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி மெடிக்கல் லீவு போட்டுவிட்டார். ராஜினாமாவை அங்கே போய்த் தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று திட்டம். தம்பி டாக்சியில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அக்கா பெட்டியும் கையுமாக உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கொழும்பு போய் அங்கே மாற வேண்டும்; அந்தக் கொழும்பு விமானத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். இவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"பசை போட்டு ஒட்டின மாதிரி இருந்துது. பயமா, என்னன்னே தெரியல. இன்னிவரைக்கும் தெரியல. சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ரயில் ஏறி, செங்கல்பட்டு சித்தி வீட்டுக்குப் போயிட்டேன்."

இருபது நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தால், ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தார்களாம். சத்துணவு ஆயாகூட ஒரு கட்டு கொடுத்தாளாம். "தாவரவியல் டீச்சர் எனக்கே கீழாநெல்லியோட மகிமையை எடுத்துச் சொன்னாங்க. இல்லாத வியாதிக்கு ரெண்டு மாசம் மோர்ல கலக்கிக் குடிச்சேன்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். லீவு விஷயம் வெளியில போனா என் சர்வீஸே கெட்டுடும்." நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் செய்தேன்.

ஜனவரியில் அறிவியல் மன்ற விழா. வழக்கமாக யாராவது வந்து சொற்பொழிவாற்றுவார்கள், பெண்கள் தூங்குவார்கள். இந்த முறை பட்டிமன்றம் வைக்கலாம் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். வாழக் கற்றுக்கொள்ள வேண்டியது பாசியிடமா, பறவையிடமா என்பது தலைப்பு. பொதுவாகப் பேசினால் பேத்தலாகப் போய்விடும், ஆளுக்கு ஓர் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொல்லிவிட்டார். அக்கா தன் சுவர்ப் பாசியை எடுத்துக்கொண்டார். நான் பனைமரங்களைச் சுற்றிப் பறக்கும் சின்னக் குருவியான பனை உழவாரனை எடுத்துக்கொண்டேன். ஆளுக்கு இரண்டு மாணவிகள் துணை. நடுவராக, அந்தப் பக்கத்துப் பொங்கல் விழாக்களில் எல்லாம் நடுவராக உட்காரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்.

மேடையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வோமே, அது சபையில் இருப்பவர்களுக்குத்தான் திடீரென்று வருகிற மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது. நான் இதைச் சொல்வேன், நீ கோபப்படுகிற மாதிரி நடி, அப்புறம் நீ இதைச் சொல், நான் தலையில் கைவைத்துக்கொள்கிறேன் என்று ஒத்திகையே நடக்கும். நாங்களும் ஒரு தாளை எடுத்து எழுதினோம். நான் கேலி செய்யலாம் என்று அவர் கொடுத்தவை: குடை, ஆமை நடை, கரும்பலகையில் எறும்பு ஊர்கிற மாதிரியான கையெழுத்து. அவருக்கு நான் கொடுத்தவை: மணி அடித்த பிறகு பறந்து வருவது, செருப்புச் சத்தம், மூச்சு விடாமல் பேசுவது. "இவ்ளோ போதும். இதுக்கு மேல வேணாம்" என்று தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

உழவாரனை நான் ஒரு மாதம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்போது முடிச்சூர்ப் பக்கம் பனைமரங்கள் நிறைய. சாயங்காலம் மரத்தைச் சுற்றி அவை போடும் கூச்சலும் வேகமும் எனக்குப் பிடித்திருந்தன. காலோ ஒன்றுக்கும் உதவாது. தரையில் நடக்காது, கிளையில் உட்காராது. பூச்சி பிடிப்பது, கூட்டுக்குப் பஞ்சும் இறகும் பொறுக்குவது எல்லாம் பறந்தபடியே. இதெல்லாம் என் பேச்சுக்கு வசதியாக இருந்தது. வசதியில்லாத ஒன்றும் இருந்தது. அது தன் எச்சிலையே பசையாக்கிக் காய்ந்த பனையோலையில் கூட்டை ஒட்டும். முட்டையையும் ஒட்டிவிடும். ராத்திரி முழுக்க அதே ஓலையை நகத்தால் இறுகப் பிடித்துக்கொண்டு தொங்கும். பாசியைவிடப் பலமாக ஒட்டிக்கொள்கிற ஜீவன் அது. இதை அக்காவிடம் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் உளறியிருந்தேன். என்னை மேடையில் மடக்க அந்த ஒன்றே போதும். அவர் அதைக் கடைசிவரை தொடவில்லை. ஏன் என்று நான் கேட்டிருந்தால், அது நீ நம்பிச் சொன்னதாச்சே என்றிருப்பார்.

விழா அன்று அக்காதான் முதலில் பேசினார். நிதானமாகப் பேசித் தூங்க வைத்துவிடுவார், நான் எழுந்து சபையை உலுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டோடு எழுந்தார். தட்டில் கருகிய டீத்தூள் போல ஏதோ கொஞ்சம். "இது மூணு வருஷமா கவருக்குள்ள கிடந்த பாசி" என்று சொல்லி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் தட்டை முன்வரிசைப் பெண்களிடம் கொடுத்தார். பின்பக்கமாகக் கை மாற்றிக்கொண்டே போகச் சொன்னார். அது நாலாவது வரிசைக்குப் போவதற்குள் "பச்சையாயிடுச்சு! மிஸ், பச்சையாயிடுச்சு!" என்று ஒரே கூச்சல். பெண்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். நடுவர் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்.

"உழவாரன் நல்ல பறவைதான். ஆனா மழை இல்லேன்னா பூச்சி இல்லை, பூச்சி இல்லேன்னா அது வேற ஊருக்குப் போயிடும்" என்றார் அக்கா. "பாசி எங்க போகும்? வேர் கிடையாது, ஒட்டிக்கறதுக்கு ரோமம் மாதிரி நாலு இழைதான். எட்டு மாசம் வெயில்ல சுருண்டு கிடக்கும். செத்துப்போச்சுன்னு நாமளே சுண்ணாம்பு அடிச்சுடுவோம். அடுத்த மழைக்கு அதே இடத்துல எழுந்து நிக்கும். உங்கள்ல எத்தனை பேரை வீட்டை விட்டு எங்கயும் அனுப்ப மாட்டேன்னு சொல்லியிருக்காங்க? கை தூக்குங்க." பாதிக் கூட்டம் கை தூக்கியது. "இருக்கற இடத்துலயே பச்சையா இருக்க முடியும், கண்ணுங்களா." கைதட்டல் நிற்கவே இல்லை.

எனக்குப் பொறாமை. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மெதுவாகப் பேசுகிற, எறும்புக் கையெழுத்துக்கார அக்கா என் சபையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று வயிறு எரிந்தது. நான் எழுந்து குடையைச் சொன்னேன், லேசாகச் சிரித்தார்கள். ஆமை நடையைச் சொன்னேன்; அவர் ஒத்திகைப்படி முறைத்துக் காட்டினார்; இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். உழவாரனின் வேகத்தை எல்லாம் சொல்லி முடித்தும் சபை சூடேறவில்லை. பின்வரிசையில் இன்னும் அந்தத் தட்டைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடம்தான் பாக்கி என்று முதல் மணி அடித்தது.

"நடுவர் அவர்களே!" என்றேன். "எதிரணித் தலைவி பாசியைப் புகழ்ந்தார்கள். புகழட்டும். ஆனால் அந்தப் பாசிக்கும் ஒரு நாள் பறக்க ஆசை வந்தது. என்ன செய்தது தெரியுமா? மஞ்சள் காமாலை என்று லீவு போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கம் வரை போனது! விமானத்துக்குக் கூப்பிட்டபோது நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது! மறுபடியும் நம் சுவருக்கே வந்து சேர்ந்தது!"

கூரை அதிர்ந்தது என்று சொன்னேனே, அது இப்போதுதான். பெட்டி தூக்கிக்கொண்டு போகும் பாசியை நினைத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. மைக்கை இழுத்து, "அது எந்த ஊர்ப் பாசிம்மா? நமக்குத் தெரிஞ்ச பாசியா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். மாலத்தீவுப் பாசி என்றோ மைசூர்ப் பாசி என்றோ எதையாவது உளறிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சிரிப்புச் சத்தம் எனக்குத் தலைக்கேறியிருந்தது. நான் மெல்லத் திரும்பி, கையை நீட்டி, அக்காவைப் பார்த்தேன்.

மாணவிகளுக்கு அதுவும் வேடிக்கைதான், இன்னும் சிரித்தார்கள். ஆசிரியைகள் வரிசையில்தான் சிரிப்பு அறுந்துபோனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் ஏழு வருடங்களுக்கு முன் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவர்தான் இப்போது தலைமையாசிரியை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பதிலுரைக்கு அக்காவுக்கு மூன்று நிமிடம் இருந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தார். "பாசியால பறக்க முடியாதுங்கறது உண்மைதான், நடுவர் அவர்களே. ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்ப்பு பறவைக்கு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினேன். அக்கா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "அக்கா, பேச்சு வேகத்துல..." என்று ஆரம்பித்தேன். "மேடைன்னா அப்படித்தான்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மேலே எதுவும் சொல்ல விடாமல் குழாயை இன்னும் திறந்துவிட்டார்.

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாவது நாள் எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஆயா வாசலில் வந்து நின்றாள். "மிஸ், எச்செம் அம்மா உன்னிய கையோட இட்டுகினு வர சொன்னாங்கோ" என்றாள். படியில் இறங்கும்போது, "இன்னா மிஸ், மூஞ்சி இப்டி வெளுத்துப் போய்க் கீது?" என்று வேறு கேட்டாள்.

தலைமையாசிரியை கோபமாக இல்லை. உட்காரச் சொன்னார். "அன்னிக்கு மேடையில ஒண்ணு சொன்னீங்களே, லீவு, மீனம்பாக்கம்னு. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படி இறங்கும்போதே நான் தயார் செய்துகொண்டுதான் போனேன். அக்காவே சொன்னார் என்றால், பொய் லீவு என்று தெரிந்தும் மறைத்தவள் ஆகிறேன்; ப்ரொபேஷன் அவ்வளவுதான். கற்பனை என்றால் நம்ப மாட்டார்; நாற்காலிவரைக்கும் யாராவது கற்பனை செய்வார்களா? என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது.

"தனியா எனக்குன்னு யாரும் சொல்லல மேடம். ஸ்டாஃப் ரூம்ல சகஜமா பேசிப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நினைச்சேன்."

"எல்லாருக்குமா?"

"ஆமா மேடம். அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க."

இந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தேவையே இல்லை. முதல் பொய் தனியாக நிற்பது போல் இருந்தது, முட்டுக் கொடுக்க இதையும் சொன்னேன். தலைமையாசிரியை மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "படிங்க" என்றார்.

எறும்பு ஊர்கிற மாதிரியான கையெழுத்து. ஏழு வருடங்களுக்கு முன் பொய்க் காரணம் காட்டி விடுப்பு எடுத்தது உண்மை, அதற்காக வெட்கப்படுகிறேன், எந்த நடவடிக்கைக்கும் சம்மதம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்ததை நான் இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். 'இந்த விஷயத்தை நான் இதுவரை பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் பேசிய விலங்கியல் ஆசிரியைக்கும் இது தெரியாது. அவர் வேடிக்கைக்காகச் சொன்ன கற்பனை தற்செயலாக எனக்குப் பொருந்திவிட்டது. அவர் ப்ரொபேஷனில் இருப்பவர். தயவுசெய்து அவரை இதில் இழுக்க வேண்டாம்.'

"அந்த லீவை நான் பெரிசுபடுத்தறதா இல்லை" என்றார் தலைமையாசிரியை. "பழைய கதை. தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்ததே போதும், ஜூன்ல சீட்டைக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். உங்களைக் கூப்பிட்டது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு. ஆனா நீங்க சொல்றதைப் பார்த்தா, இந்த லெட்டரே பொய்யா இருக்கே. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சுட்டு, யார்கிட்டயும் சொன்னதில்லைன்னு எனக்கே எழுதிக் குடுக்கறதுன்னா என்ன அர்த்தம்? இப்படிப்பட்டவங்ககிட்ட அட்மிஷனை எப்படிக் குடுக்கறது?" தாளை விரலால் தட்டி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எது நிஜம்?" என்று கேட்டார்.

யோசிக்க நேரம் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேடையில் செய்தது ஒரு விநாடிப் புத்திகேடு என்று சாக்குச் சொல்லலாம். இங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், என் முன்னால் அந்தத் தாள் இருந்தது. அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னார், என்னைக் காப்பாற்றத்தான் இப்படி எழுதியிருக்கிறார் என்று இரண்டு வாக்கியம் போதும். அந்த அம்மாள் அதையும் மன்னித்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அந்த வாய் ஒட்டிக்கொண்டது.

"நான் சொன்னதுதான் மேடம்" என்றேன்.

"சரி, போங்க. இதை வெளியில பேச வேணாம்" என்றார். நான் நேராக எட்டாம் வகுப்புக்குப் போய் தவளையின் இதயத்தைப் படம் வரைந்து மூன்று அறைகளையும் குறித்தேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

ஜூனில் உதவித் தலைமையாசிரியையாகக் கணித ஆசிரியையை நியமித்தார்கள். ப்ளஸ் ஒன் சேர்க்கை வழக்கம் போலவே நடந்தது. மார்க் ஷீட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் மீடியம் பெண்கள் வராந்தாவில் ஒரு பகல் முழுக்க நின்றார்கள். அதில் ஒருத்தி அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவளை டைப்ரைட்டிங் இருக்கிற பிரிவில் போட்டார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "நீ சொன்னா கேப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள். எனக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆய்வுக்கூடத்தில் அக்கா வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். இந்த ஐந்து மாதங்களில் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. திரும்ப வைத்தவர் அவர்தான். ஆனால் அந்த விஷயத்தை மட்டும் இருவருமே எடுத்ததில்லை. அன்றைக்கு அவராகவே எடுத்தார்.

"நான் போட்ட பொய் லீவு, நானே அனுபவிக்கறேன். அதுல உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லை. மேடையில நீ கையை நீட்டினியே, அன்னிக்கு வலிச்சுது. இல்லேன்னு சொல்ல மாட்டேன்." பசையை அட்டையின் ஓரத்தில் தடவினார். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். மேடம் உன்னைக் கூப்பிட்டு ஏதாவது விசாரிச்சாங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்பாடா" என்றார். முகமே தெளிந்துவிட்டது. "நான் எழுதிக் குடுத்ததுக்கு அது ஒண்ணாவது நடந்துதே." என் முழங்கையில் லேசாகத் தட்டினார். "அடுத்த மாசம் உனக்கு ப்ரொபேஷன் முடியுதில்ல? ஆர்டர் வந்தா முதல்ல என்கிட்டதான் காட்டணும்."

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா அதை வாய்விட்டு வாசித்தார். நடத்தை திருப்திகரம் என்று எழுதியிருந்த வரியை மட்டும் சந்தோஷமாக இரண்டு முறை வாசித்தார்.